முப்பத்து நான்கு டிகிரி

கயிற்றைப் பிடித்திருந்தது நான். படத்தில் இருப்பது அவள். என் முழங்கையோடு படம் முடிந்துவிட்டது.

பாசி நாற்றுக்கூடத்தின் வாசலில், உள்ளே வருகிற யார் கண்ணிலும் முதலில் படுகிற இடமாகப் பார்த்து, அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து அப்போதுதான் தூக்கிய கயிறு, அதில் கருஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பாசி, பக்கத்தில் மூக்குக்கண்ணாடியில் வெயில் பளபளக்க வாயெல்லாம் பல்லாகச் சின்ன மேடம், இடது ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை. கீழே ‘வெப்பம் தாங்கும் முதல் நாற்று’ என்று எழுதி, அவள் பெயர், அவள் படித்த படிப்பு எல்லாம் போட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்குச் சாவியோடு வந்து கதவைத் திறப்பவள் நான் என்பதால், தினமும் அந்தப் படத்தின் முகத்தில் முழிப்பவளும் நான்தான். கயிறு தூக்கிய அன்றைக்குக் கனம் தாங்காமல் என் தோள்பட்டை மூன்று நாள் வலித்தது. அதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

அந்தப் பாசி எப்படி வெப்பத்தைத் தாங்கியது என்று அப்போது ஒருத்திக்குத்தான் தெரியும். அது அவள் இல்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலில் மிதவை போட்டுப் பாசி வளர்க்கிறவர்கள் விதை வாங்குவதில்லை. போன அறுவடையில் ஒரு கைப்பிடியை ஒதுக்கி, துண்டு துண்டாக ஒடித்து, கயிற்றில் முடிந்துவிடுவார்கள். நாற்பத்தைந்து நாளில் அது கொத்தாக வளரும். அதிலிருந்து மறுபடி ஒரு கைப்பிடி. வருஷக்கணக்காக இதேதான். பார்வைக்கு ஆயிரம் செடி, உண்மையில் ஒரே செடி. கடல் அடக்கமாக இருந்தவரைக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. இந்த ஆறேழு வருஷமாகத்தான் வெயில் காலத்தில் தண்ணீரில் கை வைத்தால் குளிக்க விளாவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஒன்றுக்கு வெள்ளை விழுந்தால் எல்லாவற்றுக்கும் விழுகிறது. நுனி வெளுத்து, நடு வெளுத்து, கை பட்டதும் பொடுக்கென்று ஒடிந்து மிதக்கும். என் வீட்டுக்காரர் மிதவை வைத்திருக்கிறார். அவர் வெளுத்த பாசியைக் கயிற்றிலிருந்து உருவி உருவி எறிவதை மூன்று கோடை பார்த்துவிட்டேன்.

அதனால் வித்திலிருந்து நாற்று எடுக்க இந்தக் கூடத்தைக் கட்டினார்கள். பாசியிலும் ஆண் பெண் உண்டு என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். உண்டு. பெண் செடிக்குக் கருப்பிடித்தால் உடம்பெல்லாம் பரு பருவாக எழும்பும். ஆண் செடி, வழக்கம்போல, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வழவழவென்று நிற்கும். பருக் கண்ட செடியை ஈரச் சாக்கின் மேல் நிழலில் இரண்டு மணி நேரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் விட்டால் வித்து தூவும். அந்த வித்துக்கு வாலும் கிடையாது, நீந்தவும் தெரியாது. விழுகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் வெள்ளைக் கயிற்றை விரித்துவைத்திருந்தால் சில நாளில் கயிற்றின் மேல் செந்தூள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தனிப் பிறவி. தாய் தகப்பன் ஒன்றாக இருந்தாலும் பிள்ளைகள் வேறு வேறு மாதிரி இருப்பதில்லையா, அப்படி.

பதினோரு வருஷமாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது நான். எல்லாரும் என்னைத் தொட்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பருவை நகத்தால் தடவிப் பார்த்தே இது இன்றைக்குத் தூவும், இது நாளைக்கு என்று சொல்லிவிடுவேன். முன்பிருந்த அதிகாரி, “உங்க விரல்தாம்மா எனக்கு மைக்ரோஸ்கோப்” என்பார். அவர் ஓய்வு பெற்றுப் போனார். இவள் வந்தாள்.

வெறுக்க ஒரு காரணம் கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன். கொடுக்கவில்லை. வந்த அன்றே “அக்கா” என்றாள். தொட்டி கழுவும்போது கூடவே முழங்கால் வரை துணியை ஏற்றிக்கொண்டு இறங்கினாள். தலைக்கனம் என்பது மருந்துக்கும் இல்லை. ஒரு மாதம் என் பக்கத்திலேயே நின்று, நான் தடவுகிற பருவைத் தானும் தடவிப் பார்த்தாள். ஒரு நாள் ஒரு செடியை எடுத்து நான் “இன்னிக்கு தூவும்” என்றேன். அவள் கொஞ்சம் தயங்கி, “நாளைக்கு சாயங்காலம்னு தோணுதுக்கா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் செடி மறுநாள் சாயங்காலம் தூவியது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. தூவிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதாம்! அன்றைக்கு வீட்டுக்குப் போய் அரிசி களைந்த தண்ணீரோடு பாதி அரிசியையும் சேர்த்துக் கொட்டினேன்.

அதுகூடப் போகட்டும், வேலைதானே என்று விட்டிருப்பேன். என் மகளை எடுத்துக்கொண்டாள், அதுதான் தாங்கவில்லை. எடுத்துக்கொண்டாள் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளா? இல்லை. மகளுக்குப் பதினைந்து வயது. ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் சின்ன மேடத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். அப்புறம் வீட்டில் எந்நேரமும் மேடம் புராணம். மேடம் இப்படிப் பேனா பிடிப்பாங்க, மேடம் கோபமே படமாட்டாங்க, மேடம் ஒரு விஷயம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவாங்க. பின்னல் போய் ஒற்றைக் கொண்டை வந்தது, அவளுக்கு மாதிரியே. பள்ளிக்கூடத்தில் பாசி எப்படிக் குட்டி போடுகிறது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற தாய் பதினோரு வருஷமாக அதற்குப் பிரசவம் பார்க்கிறாள், வீட்டில்தான் இருக்கிறாள். இவள் போய் மேடத்திடம் கேட்டிருக்கிறாள். மேடம் ஒரு தாளில் ஆண், பெண், பரு, வித்து, புள்ளி என்று வட்டமாக அம்புக்குறி போட்டு அழகாக வரைந்து கொடுத்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை கூடத்துக்கு அரை நாள்தான் வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருந்தது.

“என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?” என்றேன்.

“நீ சொல்லுவம்மா. ஆனா நீ சொன்னா உனக்குத்தான் புரியும்” என்றாள் மகள். கிண்டல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. கோடி அறையில் அவளுடைய மூன்று தொட்டிகள். உள்ளே பத்தொன்பது நாள் வயதான புள்ளிகள் பிடித்த கயிறுகள். இருபத்தைந்து டிகிரியிலேயே தண்ணீரை வைத்திருக்கச் சில்லர் என்கிற குளிரூட்டும் இயந்திரம் ஒன்று இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும். அவள் அப்போது வேறொரு சோதனையில் இருந்தாள்: வளர்ந்த நாற்றை வாரத்துக்கு அரை டிகிரியாகச் சூட்டுக்குப் பழக்குவது. பச்சைக் குழந்தைக்கு வெந்நீர் பழக்குகிற மாதிரி அத்தனை பதவிசு. அப்படிப் பழக்கியதைக் கடலில் கொண்டுபோய்க் கட்டியதும் எல்லாம் செத்தன. இந்தப் புள்ளிகள் அடுத்த முயற்சிக்காக வைத்திருந்தவை. தூவ வைத்தது என் விரல்தான்.

மணி நாலு. சில்லரின் சுவிட்சை அமுக்கினேன். விளக்கை அணைப்பதுபோல அணைத்தேன். முனகல் நின்றதும் அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. தொட்டிக்குள் குமிழ் விடும் காற்றுக்குழாயை நிறுத்தவில்லை, அது நின்றால் காவல்காரர் அறையில் மணி அடித்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துணி துவைத்தேன். துவைக்கத் தேவையில்லாததையெல்லாம் எடுத்துத் துவைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே அந்த அறை அடுப்படி மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரில் முப்பத்து நான்கு. கயிறுகளில் சிவப்பு இல்லை, வெள்ளை வெளேரென்று கிடந்தன. எனக்குப் பயம்தான், ஆனால் அதிலும் ஓரத்தில் ஒரு குளுமை இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். சில்லரைப் போட்டேன். பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டேன். பதிவேட்டில் திங்கள் காலை என்ற கட்டத்தில் இருபத்தைந்து என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு வந்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பூஞ்சை நோய் என்று நினைத்தாள். பதிவேட்டில் இருபத்தைந்து என்று இருக்கும்போது வேறு என்ன நினைப்பாள்? நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். “அழாதீங்க மேடம்” என்றுகூடச் சொன்னேன். நடிப்பில் நான் சளைத்தவள் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் கயிற்றைத் தூக்கி வெயிலில் போட்டிருப்பார்கள். அவள் ஒரு வாரம் கழித்தும் அந்தச் செத்த கயிறுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். நூற்றுக்கு மூன்று புள்ளி உயிரோடு இருந்தது. அவை வளர்ந்தன. அந்தக் கயிறு ஒன்றை, கரைக்குப் பக்கத்தில் இருந்ததால், என் வீட்டுக்காரர் மிதவையிலேயே கட்டினாள். அடுத்த கோடை வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் எல்லா மிதவையிலும் வெள்ளை விழுந்தது. அந்த ஒரு கயிறு மட்டும் கருஞ்சிவப்பாக நின்றது.

அப்புறம்தான் படம், சட்டம், வாசல் சுவர். வந்தவர் போனவர் எல்லாம் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். என் வீட்டுக்காரர், பேச்சே வராத மனுஷர், கயிற்றைத் தடவிப் பார்த்து, “அந்தப் பொண்ணு கைராசி” என்றார். என் மகள் அவளுக்கு வாழ்த்து அட்டை செய்து கொடுத்தாள். கெடுக்கப் போனவள் நான், கொண்டாட்டம் அவளுக்கு. செய்தது நான் என்று சொன்னால் பேர் வராது, வேலைதான் போகும். சொல்லாவிட்டால் தினமும் காலை ஆறு மணிக்கு அந்தப் பல்லைப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு பொறியில் தானே போய்த் தலையைக் கொடுத்தவள் ஊர் உலகத்தில் என்னைத் தவிர யாராவது இருப்பார்களா?

கூடத்தின் மேலாளர், “அந்தக் கயித்தையே ஒடிச்சு ஒடிச்சு எல்லாருக்கும் குடுத்துடலாமே” என்றார். அவள் முடியாது என்றாள். திரும்பவும் எல்லாம் ஒரே செடி ஆகிவிடும், நாளைக்கு வேறொரு நோய் வந்தால் ஒட்டுமொத்தமாகப் போகும் என்றாள். முதல் தடவை செய்ததுபோலவே புதிதாக வித்து தூவி, விதவிதமான நாற்றாக எடுக்க வேண்டுமாம். பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து அதேபோலச் செய்தாள். இருபத்தைந்து டிகிரி. ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும், சாக வேண்டியது சாகவில்லை என்று. வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு மிதவைக்காரர்களுக்கு நாற்று போனது. என் வீட்டுக்காரரும் வாங்கினார், பழைய பாசியை முழுக்க அவிழ்த்துவிட்டு இதைக் கட்டினார். வாங்கவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

அந்த வருஷமே, ஆடிக்குப் பிறகு மறுபடி அடிக்கிற இரண்டாவது வெயிலில் பன்னிரண்டு மிதவையும் வெளுத்தது. கூடவே அடித்த காற்றில் எங்கள் மிதவை உடைந்து, அந்த முதல் கயிறும் போனது. படத்தில் இருப்பதுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் வெறும் கயிறுகளைச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டு, “இதோட பாசித் தொழிலையே விட்டுடலாம்னு பாக்கறேன்” என்றார். அப்போதும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அந்தப் பொண்ணும் பாவம், எவ்வளவு பாடுபட்டுது” என்றார். நான் பாவம் இல்லையாம்.

அடுத்த வாரம் மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். அடுத்த கோடைக்குத் தாங்குகிற நாற்று கையில் இல்லாததால் கோடி அறையை உடனே மூடிவிடச் சொல்லி உத்தரவு, சின்ன மேடத்துக்கு வேறு ஊர். என் வயிற்றில் பாலை வார்த்தார். போகட்டும். படத்தையும் கழற்றட்டும். மகள் நாலு நாள் அழுவாள், ஐந்தாம் நாள் பின்னல் போட்டுக்கொள்வாள். சின்ன மேடம் மூட்டை கட்டுகிற அழகைப் பார்க்கலாம் என்று மத்தியானம் கோடி அறைக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்காகத்தான் போனேன்.

அவள் மூட்டை கட்டவில்லை. மிதவைகளிலிருந்து கொண்டுவந்த செத்த கயிறுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஒடிந்த செடிகளின் அடிப்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது.

“நாலாயிரம் புள்ளி பாத்துட்டேன் அக்கா” என்றாள். “ஒண்ணுகூட உயிரோட இல்லை. முதல் தடவை ஏதோ நடந்திருக்கு. என் கண்ணு முன்னாடியே நடந்திருக்கு, நான் கவனிக்காம விட்டுட்டேன். பன்னிரண்டு குடும்பம் என்னை நம்பிக் கட்டுச்சு. உங்க வீட்டு அண்ணன் இருந்த பாசியெல்லாம் அவுத்துட்டுக் கட்டினாரு. எல்லாம் என் தப்பு.”

எனக்கு வந்தது இரக்கம் இல்லை. ஆத்திரம். என் வேலையை எடுத்தாள், என் மகளை எடுத்தாள், என் கயிற்றோடு படம் எடுத்தாள். கடைசியில் நான் செய்த தப்பையும் தன் தப்பு என்று எடுத்துக்கொண்டு போகிறாளே! அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொள்வது?

“உன் தப்பு ஒரு மண்ணும் இல்லை” என்றேன். மேடமும் போயிற்று, நீங்களும் போயிற்று. “சில்லரை நிறுத்தினது நான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. தெரியாம இல்லை, வேணும்னே நிறுத்தினேன்.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கன்னத்தில் ஒன்று விடுவாள், கத்துவாள், மேலாளரைக் கூப்பிடுவாள் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

“திரும்ப எத்தனை மணிக்குப் போட்டீங்க?” என்றாள்.

“என்னது?”

“திங்கட்கிழமை. எத்தனை மணிக்கு?”

“ஆறு. ஆறு அஞ்சு இருக்கும்.”

“அப்ப தண்ணி?”

“முப்பத்தி நாலு.”

“பதிவேட்டுல இருபத்தஞ்சுன்னு இருக்கே.”

“அது பொய். நான் எழுதினது.”

அவள் ஒரு தாளை இழுத்து எழுதினாள். “முப்பத்தெட்டு மணி நேரம்” என்றாள். “முப்பத்தி நாலு டிகிரி. பத்தொன்பது நாள் வயசு. நான் வளர்ந்ததைக் கொண்டுபோய் மெதுமெதுவாப் பழக்கிட்டிருந்தேன். பிறந்த உடனே ஒரே அடியா அடிச்சிருக்கணும். தாங்கறது நிக்கும், தாங்காதது போகும். ஐயோ அக்கா!” அவள் முகம் முழுக்க விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது.

“என்னைத் திட்டு” என்றேன்.

“திட்டறேன், இருங்க. காத்துக்குழாய் ஓடுச்சா, அதையும் நிறுத்திட்டீங்களா?”

“ஓடுச்சு.”

“கதவு?”

“சாத்திட்டுப் போனேன்.”

எல்லாவற்றையும் எழுதினாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழலாம்போல இருந்தது. என்னை மன்னித்துவிட்டாள் என்பதில்லை. கோபம் வர இடமே இல்லாமல் உள்ளே முழுக்கப் பாசி. அப்படி எதன் மேலாவது நான் பைத்தியமாக இருந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இவள் மேல் இருந்த பொறாமையைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்து, “ஏன்க்கா நிறுத்தினீங்க?” என்று கேட்டாள்.

“வயித்தெரிச்சல்.”

பேனாவைத் தாளில் வைத்தாள், எடுத்தாள். “அதை ரிப்போர்ட்ல எழுத முடியாதே” என்றாள்.

ஹீட்டர் வைத்தால் அரை மணியில் ஏறிவிடும், அன்றைக்குக் கூரைச் சூட்டில் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதோ அப்படியே ஏற வேண்டும் என்றாள். வெயில் இன்னும் ஒரு மாதம் இருக்கும். மேலாளரிடம் அந்த ஒரு மாதத்தைக் கெஞ்சி வாங்கினாள். காரணம் கேட்டதற்கு, பதிவேட்டில் ஒரு தவறைக் கண்டுபிடித்தோம் என்று மட்டும் சொன்னாள். நான் செடியைத் தடவிப் பார்த்து, அன்றைக்கே தூவும் செடியாக எடுத்துக் கொடுத்தேன். பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை வருவதுபோலத் தூவ வைத்தோம். சரியாக நாலு மணிக்கு, “நீங்களே நிறுத்துங்க அக்கா, அன்னிக்கு மாதிரி” என்று தள்ளி நின்றாள். நான் நிறுத்தினேன். இந்தத் தடவை விளக்கை அணைப்பதுபோல இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துவைக்கத் துணி இல்லை. ஒன்பது மணிக்கே கூடத்துக்குப் போய்விட்டேன். அவள் முதல் நாளிலிருந்து அங்கேயே இருந்தாள். எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். தெர்மாமீட்டரில் முப்பது. பத்தரைக்கு முப்பத்தொன்று. பதினொன்றுக்கு என் மகள் இரண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். சில்லர் முனகாததைக் கவனித்து, “என்ன மேடம், நின்னு போச்சா?” என்று பதறினாள்.

“இல்ல, நிறுத்தியிருக்கோம். நாம இத்தனை நாளா தேடின முறை இதுதான். கண்டுபிடிச்சது உங்க அம்மா” என்றாள் சின்ன மேடம்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இத்தனை நாளாக இன்னொருத்திக்குப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் பக்கம் வந்தது அன்றைக்குத்தான். “நீயாம்மா?” என்று கேட்டுக்கொண்டு வந்து என் தோளில் சாய்ந்து நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அந்தச் சாய்ந்த கனத்தை வாங்கிக்கொண்டு நின்றேன். எதிரே அவள் பாட்டுக்குத் தெர்மாமீட்டரைப் படித்து எழுதிக்கொண்டிருந்தாள். இதைக்கூட அவளால் தூக்கிக் கொடுக்க முடிகிறது, போனால் போகிறது என்று. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இந்த எரிச்சல் என்னோடுதான் கட்டையில் வேகும்.

பன்னிரண்டு மணி. முப்பத்திரண்டரை. பூதக்கண்ணாடியை வைத்துத் தொட்டியின் மேல் குனிந்தேன். போன தடவை நான் இதைப் பார்க்கவில்லை. வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்; திங்கட்கிழமை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிவப்பு முதலில் ரோஸ் ஆகிறது. ரோஸில் கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு நடுவிலிருந்து வெளுக்கிறது, விளிம்பில் மட்டும் ஒரு சிவப்பு நூல் நின்று, அதுவும் போகிறது. பக்கத்தில் உள்ளது தொடங்குகிறது. நான் தடவித் தடவித் தேர்ந்தெடுத்த செடிகளின் புள்ளிகள். பத்தொன்பது நாள் ஒரு தூசி படாமல் தண்ணீர் மாற்றினேன். நூற்றில் மூன்று நிற்கும் என்று தெரியும். எந்த மூன்று என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் இதுவாக இருக்கும், இது தாங்கும் என்று தோன்றியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெளுத்தது.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. பூதக்கண்ணாடி கீழே விழுந்த சத்தம் கேட்டது. சில்லர் சுவிட்சை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் எனக்கு முன்னால் போய் நின்றாள். சுவிட்சுப் பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக்குள் கண்ணில் நீர் கோத்திருந்தது, துடைக்கவில்லை.

“இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கு அக்கா” என்றாள்.

“போதும். விடு. போட்டுடலாம்.”

அவள் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். நகரவில்லை.

“ஏம்மா” என்றாள் மகள் பின்னாலிருந்து, ஒன்றும் புரியாமல். “நிறுத்தினது நீதானே?”

நான் திரும்பவில்லை. மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். தொட்டியில் காற்றுக்குழாய் மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது, கயிறுகளில் ஓர் ஓரத்திலிருந்து வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது.